வேன் அக்கா வந்த வெள்ளிக்கிழமை

"டி.சி. குடுத்துருங்க டீச்சர். புள்ள ஸ்கூலுக்கே வரமாட்டேங்குது" என்று ஏழாம் வகுப்பு கவிநிலாவின் அம்மா என் முன்னால் வந்து நின்றார். உக்கடம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் நான் தமிழாசிரியை. கவிநிலாவின் வகுப்பாசிரியையும் நான்தான்.

காரணம் எனக்குத் தெரியும். முந்தைய வாரம் பெய்த மழையில் எங்கள் பள்ளி வேன் சுரங்கப்பாதைத் தண்ணீரில் மாட்டி நின்றுவிட்டது. வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் மும்தாஜ், இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி ஒவ்வொருவராகத் தூக்கிக் கொடுத்தார். எல்லோரும் பத்திரமாக வெளியே வந்தார்கள். கவிநிலா மட்டும் கடைசிவரை அலறிக்கொண்டே இருந்தாளாம். மறுநாளே அவளுக்கு 'சைரன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பட்டப்பெயர் வைப்பதில் இருக்கும் வேகம் வீட்டுப்பாடத்தில் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு முடி நரைத்திருக்காது.

"வெள்ளிக்கிழமை ஒரு நாள் மட்டும் அனுப்புங்க. அப்பவும் வேண்டாம்னா நானே டி.சி. வாங்கித் தாரேன்" என்றேன். நம்பிக்கையோடு சொல்லவில்லை. அப்போதைக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை கடைசி பீரியடு வேல்யூ எஜுகேஷன். புத்தகத்து வீரர்களையே எத்தனை தரம் நடத்துவது என்று, நம் ஊர் மனிதர்களை வகுப்புக்கு அழைத்துவருவது என் வழக்கம். இந்த வாரம் மும்தாஜ் என்றதும் ஹெச்.எம். தயங்கினார்.

"ஏனுங்க டீச்சர், தெனம் பாக்கற ஆளு. புள்ளைங்க கேக்குமுங்களா?"

"தெனம் பாக்கறவங்க சொன்னாத்தானுங்க சார் கேக்கும்."

மும்தாஜ் வந்தார். நாற்காலி போட்டும் உட்காராமல் மேசையைப் பிடித்தபடி நின்றார். கடைசி பெஞ்சில் கவிநிலா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் விஷயம் எதையும் நான் மும்தாஜிடம் சொல்லியிருக்கவில்லை.

"பயமா இல்லீங்களாக்கா?" என்று முன் பெஞ்சிலிருந்து ஒரு கேள்வி.

"பயமில்லாம என்ன கண்ணு."

"வேன்ல யாருங்க்கா ரொம்பக் கத்துனாங்க?" கேட்டவன் பின்னால் திரும்பிப் பார்த்தான். வகுப்பே சிரித்தது.

மும்தாஜ் சிரிக்கவில்லை. "நானுந்தான் கத்தப் பாத்தேன். சத்தமே வரல. டிரைவர் அண்ணன் கதவோட மல்லுக்கட்டிட்டு இருந்தாரு. அந்த மழைல, உள்ள புள்ளைங்க இருக்கறது மேல ரோட்டுல யாருக்கும் தெரியல. ஒரு புள்ள விடாம கத்துச்சு பாருங்க, அதைக் கேட்டுத்தான் பேக்கரில நின்னவங்க எறங்கி ஓடி வந்தாங்க. அவங்க வரலீன்னா நான் தூக்கி யாரு கைல குடுக்கறது?"

பிறகு கடைசி பெஞ்சைப் பார்த்தார். "அன்னைக்கே சொல்லோணும்னு இருந்தேன். அப்பறம் நீ வேனுக்கே வரல. ரொம்ப நன்றி கண்ணு."

கவிநிலா டெஸ்க்கில் முகத்தைப் புதைத்து அழுதாள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. நான் திரும்பிக்கொண்டு, எழுத்தே இல்லாத கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தேன்.

அவள் அம்மா அப்புறம் டி.சி. பேச்சை எடுக்கவில்லை. மும்தாஜுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் எனக்குப் போதாது. துணிச்சலைப் பற்றிப் பேசத்தான் அவரைக் கூப்பிட்டேன். தனக்கு வந்த பாராட்டைப் பங்குபோட்டுக் கொடுப்பது எப்படி என்பதையும் சேர்த்தே நடத்திவிட்டுப் போனார். அதிலிருந்து வகுப்புக்கு யார் வந்தாலும், "அன்னைக்கு உங்களுக்கு யாருங்க ஒத்தாசை பண்ணுனாங்க?" என்று நானே முதலில் கேட்டுவிடுகிறேன்.

சைரன் என்ற பெயர் இன்னும் போகவில்லை. அப்படிக் கூப்பிட்டால் இப்போது கவிநிலா, "என்னடா?" என்று திரும்பிப் பார்க்கிறாள்.