முழங்கால் தண்ணீருக்கு ஊரை ஓடவிட்டேன்

கடல், கிணற்று வழியாக ஏறி வரும் என்று நான் நம்பினேன். சிரிக்க வேண்டியவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். அந்த நாளில் எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது, மீசை இருந்தது, அரூர்ப் பக்கத்துக் கிணறுகளில் பாதிக்குள் இறங்கி ஏறிய பேரும் இருந்தது. கடலை மட்டும் பார்த்ததில்லை. பார்க்காத சாமானைப் பற்றி மனுஷன் என்ன வேண்டுமானாலும் நம்பலாம், தடுக்க ஆள் கிடையாது.

இப்போது கிணற்று வேலைக்கு வருகிற பையன்கள் இந்தக் கதையை என் வாயால் கேட்டுக் கேட்டுச் சிரிக்கிறார்கள். கோவணத்தோடு நான் ஓடிய இடம்வரை கேட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். மிச்சத்தையும் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

காண்ட்ராக்டர் வாங்கிய வேலை

வெயில் காலத்தில் வெள்ளைக்காரர்கள் வந்து காற்று வாங்குகிற கடற்கரை ஊர் அது. பெயர் வேண்டாம். ஒரு புயலில் கடல் தெருவுக்குள் புகுந்து, பங்களாக்களின் கிணறுகளில் மணலையும் உப்பையும் நிரப்பிவிட்டுப் போயிருந்தது. அவற்றைத் தூர் வாரும் வேலையை எங்கள் பக்கத்துக் காண்ட்ராக்டர் ஒருவர் எடுத்துவிட்டார். பாப்பாரப்பட்டிச் சந்தையில் எங்களைப் பிடித்தார்.

"பாறையப் பொளக்கறவனுங்களுக்கு மணலு ஒரு வேலையாடா? அல்வா மாதிரி வெட்டிப் போட்டுட்டு, கடலயும் பாத்துட்டு வரலாம். எத்தன பேருக்கு இந்த யோகம் வரும்?"

நானும், மேலே கப்பி இழுக்கும் என் மச்சான் காளியப்பனும், இன்னும் சில ஆட்களும் கடப்பாரை, வடக்கயிற்றோடு அரூரில் பஸ் ஏறினோம். திருவண்ணாமலையில் இறங்கி ரயில்.

ஊருக்குள் நுழைந்தோம். சவுக்கு மரங்கள் வேரோடு படுத்துக் கிடந்தன. கடைத்தெரு நடுவில் ஒரு படகு உட்கார்ந்திருந்தது. அதன் நிழலில் ஒருவன் சுண்டல் விற்றான். பங்களாக்களுக்குப் புது ஓடு வண்டி வண்டியாக வந்து இறங்கியது. பங்களா வரிசைக்குக் கிழக்கே, கடலை ஒட்டின மணலில், மீனவர் குப்பம். அங்கே ஓடும் இறங்கவில்லை, ஓலையும் இறங்கவில்லை. ஒதுங்கின பலகை, கிழிந்த பாய் இவற்றை வைத்து அவர்களே குடிசை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

வேலையைப் பார்த்துக்கொண்ட ஓவர்சியருக்கு அந்தக் குடிசைகள் எழும்புவதே பிடிக்கவில்லை. கருவாட்டு நாற்றம் பங்களாவுக்கு அடிக்கிறதாம். சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கம், ஏரி ஓரமாகப் போய்விடச் சொல்லித் தினமும் நின்று கத்துவார். எங்களுக்குக் கூலிக்குச் சோறாக்கிப் போட்ட அஞ்சலை அந்தக் குப்பத்துக்காரி. புயலில் புருஷனைப் பறிகொடுத்தவள்.

"ஏரில இன்னாத்தப் பிடிக்கிறது சார், தவளயா?" என்று அவள் ஒருநாள் கேட்டாள்.

"புயல்ல செத்தும் புத்தி வரல பாரு உங்களுக்கு" என்றார் ஓவர்சியர்.

அவள் கரண்டியைச் சட்டியில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். எனக்கு அன்றைக்கே வயிறு எரிந்தது. எரிந்த வயிற்றுக்குள் அவள் போட்ட சோற்றைத் தள்ளிக்கொண்டு கிணற்றில் இறங்கினேன்.

ஊற்று உடைந்தால்

எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. பாறைக் கிணற்றில் வெட்டும்போது திடீரென்று ஊற்று உடைந்தால், உள்ளே இருப்பவன் யோசிக்கக் கூடாது. தொண்டை கிழியக் கத்த வேண்டும், கத்திக்கொண்டே ஏற வேண்டும். மேலே இருப்பவர்கள் அதைக் கேட்டு அடுத்தவனுக்குக் கத்த வேண்டும். இதனால் பிழைத்தவர்கள் பலர். எனக்கு இது மூச்சு விடுவது மாதிரி.

பெரிய பங்களாக் கிணற்றில் மணலை எடுத்தும் தண்ணீர் உப்பாகவே இருந்தது. "இன்னும் ஆழம் போ" என்றார் ஓவர்சியர். எங்களுக்கும் அதுதான் சரி என்று பட்டது. எங்கள் ஊரில் ஆழம் போகப் போகத்தான் நல்ல தண்ணீர். கடற்கரையில் அது தலைகீழ், நல்ல தண்ணீர் மேலாகக் கிடக்கும், ஆழம் போனால் உப்புத்தான் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அடியில் களிமண் தட்டியது. கடப்பாரையை ஓங்கிப் போட்டேன். களி உடைந்து தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. கணுக்கால், கெண்டைக்கால், முழங்கால். வாயில் தெறித்தது, ஒரே கரிப்பு. கிணற்று உறைக்கு வெளியே கடல் இரைகிற சத்தம். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கடல் அடியில் குடைந்து வந்து என்னைப் பிடித்துவிட்டது.

"கடலு வந்துருச்சு! காளியப்பா! கடலு ஒடஞ்சுகிச்சுடா!"

காளியப்பன் முறை தெரிந்தவன். ஒரே இழுப்பில் என்னை வெளியே போட்டுவிட்டு, வடத்தையும் போட்டுவிட்டு, அதே வார்த்தையைக் கத்திக்கொண்டு ஓடினான். எங்கள் ஆட்கள் பின்னால் ஓடினார்கள். உடம்பெல்லாம் களியோடு, கோவணத்தோடு, நான் எல்லோரையும் முந்தினேன். கடல் எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை. குப்பத்து நடுவில் புகுந்து ஓடினேன்.

புயலைக் கண்டு பிழைத்த ஜனங்கள். அவர்களிடம் போய் அந்த வார்த்தையைச் சொன்னால் திரும்பியா பார்ப்பார்கள்? பிள்ளைகளை இடுப்பில் தூக்கினார்கள், கிழவர்களைத் தோளில் போட்டார்கள். எல்லோரும் சவுக்குத் தோப்பு மணல்மேட்டில் ஏறி நின்றோம். அஞ்சலை ஒரு கிழவியைச் சுமந்து வந்து இறக்கிவிட்டு, மூச்சு வாங்கக் கடலைப் பார்த்தாள். கடல் தன்பாட்டுக்குக் கிடந்தது. பிறகு என்னைப் பார்த்தாள்.

"யோவ், எங்கய்யா பார்த்த கடல?"

"கெணத்துல."

"எம்மாந் தண்ணி?"

கையை முழங்காலில் வைத்துக் காட்டினேன். அவள் வைத வசவை இங்கே எழுத முடியாது. அவ்வளவும் எனக்குத் தகும்.

மேட்டுக்குக் கீழே

இத்தோடு முடிந்திருந்தால் இது சிரிப்புக் கதைதான்.

இறங்கலாம் என்று எழுந்தோம். ஓவர்சியரின் டவாலிச் சேவகன் ஓடிவந்தான். "யாரும் எறங்காதீங்க. கடல் கொந்தளிப்பா இருக்காம். சார் சொல்ற வரைக்கும் இங்கயே இருங்க." கடலோடு பிறந்தவர்களுக்கு அவன் கடலைப் பற்றிச் சொன்னான். சந்தேகம் வந்தாலும், அன்று பயம் பெரிதாக இருந்தது. உட்கார்ந்துவிட்டார்கள். மேட்டிலிருந்து பார்த்தால் பங்களா வரிசை குப்பத்தை மறைத்துவிடும், அதற்கு மேலாகக் கடல் மட்டும் தெரியும்.

பொழுது சாயும் நேரம் இறங்கினோம். குப்பம் இல்லை. பலகைகளைப் பிரித்து ஒரு பக்கம் அடுக்கியிருந்தார்கள். பாய்களைச் சுருட்டி ஒரு பக்கம் கட்டி வைத்திருந்தார்கள். எந்தக் கடல் பலகையை அடுக்கிவைத்துவிட்டுப் போகும்? ஓவர்சியரின் ஆட்கள் தூரத்தில் நின்று பீடி பிடித்தார்கள்.

மறுநாள் பெரிய துரை ஊரைப் பார்க்க வருகிறார் என்றார்கள். கடல் மறுபடி ஏறிவிட்டது, குடிசைகள் போய்விட்டன, இனி இங்கே ஜனம் இருக்கக் கூடாது என்று ஓவர்சியர் சொல்லப் போகிறார். அதற்குச் சாட்சி நான்.

"கடல் வந்துதுன்னு ஒரு வார்த்த சொல்லு. மத்தத நான் பாத்துக்கறேன்" என்றார் ஓவர்சியர்.

வேலையைப் பார்க்க வந்திருந்த காண்ட்ராக்டர் என்னைத் தனியாக இழுத்தார். "நீ கத்துனதத்தானடா திரும்பச் சொல்லப் போற? பொய்யா சொல்லச் சொல்றோம்? நாளைக்கும் வேல வேணுமில்ல?"

இதுதான் என்னைக் கொதிக்க வைத்தது. என் பயத்தை எடுத்துத் துடைத்து, அவர்கள் சொத்தாக வைத்துக்கொண்டார்கள். பயந்தவன் நான், பலன் அவர்களுக்கு.

துரை வந்தார். குப்பத்து ஜனம் சுற்றி நின்றது. அவர் இங்கிலீஷில் கேட்டார். ஓவர்சியர் தமிழில் திருப்பினார்: "நேத்து எவ்ளோ தண்ணி வந்துது?"

"மொழங்கால் வரைக்குங்க. கெணத்துக்குள்ளங்க" என்றேன்.

ஓவர்சியர் நீளமாக இங்கிலீஷில் அவிழ்த்துவிட்டார். துரை திடுக்கிட்டுக் கடலைப் பார்த்தார், பிறகு குடிசை இருந்த இடத்தைப் பார்த்தார். நான் சொன்ன முழங்கால் அந்த இங்கிலீஷில் பனைமரம் ஆகிவிட்டது என்று புரிந்தது. வாயால் சொல்லிப் பிரயோசனம் இல்லை.

சட்டையைக் கழற்றினேன். வேட்டியைக் கழற்றிக் காளியப்பன் மேல் போட்டேன். கோவணத்தோடு துரை முன்னால் நின்று, மணலில் விரலால் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் குதித்தேன். கடப்பாரை போட்டேன். தண்ணீர் ஏறுவதைக் கணுக்கால், கெண்டைக்கால், முழங்கால் என்று கையால் காட்டினேன். முழங்காலில் நிறுத்தி, கண்ணை உருட்டி, வாயைப் பிளந்து அலறினேன். வட்டத்திலிருந்து தவ்வி, துரையைச் சுற்றி ஓடினேன். குப்பத்து ஜனம் ஓடியதையும், மேட்டில் உட்கார்ந்ததையும், கீழே ஓவர்சியரின் ஆட்கள் பலகை பிரித்து அடுக்கியதையும் நடித்துக் காட்டினேன். பீடி பிடித்ததைக்கூட விடவில்லை.

முதலில் சிரித்தவள் அஞ்சலை. பிறகு குப்பமே சிரித்தது. துரையும் சிரித்தார். சிரித்து முடித்து அடுக்கியிருந்த பலகைகளிடம் நடந்தார், ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். அது காய்ந்து கிடந்தது, கடல் தொட்ட ஈரமே இல்லை. ஓவர்சியர் பக்கம் திரும்பியபோது துரை முகத்தில் சிரிப்பு இல்லை.

அன்றே எங்களை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். ரயிலில் என்னோடு யாரும் பேசவில்லை, காளியப்பன் தவிர. அவனும் ஒன்றைத்தான் சொன்னான்: "கோவணமாச்சும் புதுசா கட்டிட்டு வந்திருக்கலாம் மாதையா."

பையன்களா, ஊற்று உடைந்தால் கத்துங்கள், அந்த முறை நல்ல முறை. கத்திவிட்டு ஓடிப்போய் மேட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். உங்கள் சத்தத்தை எடுத்துக்கொண்டு எவன் எங்கே போகிறான் என்று திரும்பிப் பாருங்கள்.

அன்று கடல் கரையைத் தாண்டி ஓர் அடிகூட ஏறவில்லை. கடல் பொங்கும் நேரத்தில் கரையோரக் கிணறுகளில் தண்ணீர் கொஞ்சம் ஏறும், பிறகு இறங்கும், அது தினமும் நடப்பது. குடிசைகளைப் பிரித்தவர்கள் ஓவர்சியரின் ஆட்கள். நாங்கள் ரயிலுக்குக் கிளம்பும்போது குப்பத்து ஜனங்கள் அந்தப் பலகைகளை எடுத்து, அதே மணலில் மறுபடி கட்டிக்கொண்டிருந்தார்கள்.