சட்டைப் பையில் பாடிய ஹெட்போன்

போன செவ்வாய்க்கிழமை காலை, திருச்சானூரிலிருந்து திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் ஷேர் ஆட்டோவில் ஓர் அதிசயம் நடந்தது. எனக்குப் பாட்டு கேட்டது!

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? இந்தப் பக்கத்தை விடாமல் படிப்பவர்களுக்குத் தெரியும் — இருபது வருஷம் கிரில் பட்டறையில் இரும்பு அறுத்த காது இது. இரண்டு பக்கமும் மிஷின் மாட்டியிருக்கிறேன். ஆள் பேசினால் சமாளித்துவிடுவேன். பாட்டுதான் பிடி கொடுக்காது. மிஷினைக் கழற்றிவிட்டு இயர்போன் செருகினால், வால்யூம் கோடு கடைசிவரை போய் முட்டிக்கொண்டு நிற்கும். அதற்கு மேல் கோடு இல்லையே என்று எத்தனை நாள் விரலால் தேய்த்திருக்கிறேன்!

அதனால்தான் காதை முழுசாக மூடுகிற பெரிய ஹெட்போன் ஒன்று வாங்கினேன். ஒயர் இல்லாதது. காது மிஷினைக் கழற்றாமல் அதன் மேலேயே மாட்டிக்கொள்ளலாம்.

மாட்டினேன். போனில் பாட்டைத் தட்டிச் சட்டைப் பையில் போட்டேன். வால்யூம்? வழக்கம்போல் முழுசுதான். கேட்டது! கொஞ்சம் தூரத்திலிருந்து வருகிற மாதிரி இருந்தது. ஆனாலும் கேட்டது.

கண்ணை மூடி ரசித்தேன். நடுவில் திறந்து பார்த்தால்... எதிர் சீட்டில் பூக்கூடையோடு சுகுணாம்மா தலையாட்டுகிறார். டிரைவர் முனிரத்னம் ஹேண்டில்பாரில் தாளம் போடுகிறார். அதுவும் என் பாட்டின் தாளத்துக்கே! என்ன ஒற்றுமை பாருங்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது சுகுணாம்மா என் தோளைத் தட்டினார். ஹெட்போனைக் கழற்றினேன். பாட்டு இன்னும் சத்தமாகக் கேட்டது!

“அண்ணா, கடைசியா வந்த பாட்ட இன்னொரு தபா போடக் கூடாதா? அதுக்குள்ள ஸ்டாண்டு வந்துட்ச்சே!”

விஷயம் இதுதான். ஹெட்போனில் சார்ஜே இல்லை. பாட்டு இத்தனை நேரமும் சட்டைப் பையிலிருந்து ஊருக்கே பாடிக்கொண்டு வந்திருக்கிறது.

“ஏம்பா, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?” என்றேன் முனிரத்னத்திடம்.

“சொன்னா நிறுத்திடுவியே அண்ணா! நம்ம ஆட்டோ ஸ்பீக்கர் அவுட்டு. பத்து நாளா பாட்டே இல்லாம ஓட்டிக்கினு கீறேன்.”

வீட்டில் சொன்னதும் என் மனைவி கஸ்தூரிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “செவுடன் காதுல ஊதுன சங்குன்னு சொல்லுவாங்க. நீ இன்னாடான்னா ஊருக்கே ஊதிக்கினு போயிருக்கிற!”

அந்தச் சிரிப்பு சாயங்காலம் வரைதான் இருந்தது. ஹெட்போனுக்கு முழுசாக சார்ஜ் ஏற்றி, முழு வால்யூமில், இரண்டு மணி நேரம் கேட்டேன். கழற்றியபோது காதுக்குள் ஒரே ரீங்காரம். கஸ்தூரி காபி வேண்டுமா என்று மூன்று தடவை கேட்டிருக்கிறாள். மிஷின் காதில்தான் இருக்கிறது. அவள் குரல் வந்து சேரவில்லை.

மறுநாளே காது டெஸ்ட் செய்யும் மேடத்திடம் இழுத்துப் போனாள்.

மேடம் டெஸ்ட் எடுத்தார். பழைய பேப்பரையும் புதுப் பேப்பரையும் பக்கத்தில் வைத்தார். “அண்ணா, போன வருசத்தைவிட உங்க காது கேக்கற கோடு எறங்கியிருக்கு. சவுண்ட இப்படியே ஏத்திக்கினு போனா இருக்கறதும் போயிடும். அப்புறம் பாட்டு மட்டும் இல்ல, அக்கா பேசறதும் உங்களுக்கு எட்டாது.”

“பாட்ட வுட்டுடணுமா?” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

பதில் கஸ்தூரியிடமிருந்து வந்தது. “பாட்ட வுட்டா இவரு மனுசனாவே இருக்க மாட்டாரு மேடம். வேற வழி இன்னான்னு பாருங்க.”

மேடம் கொஞ்சம் யோசித்துவிட்டு என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. “பாட்டுல உங்களுக்கு எது கேக்கல?”

“தபேலா கேக்குது. ஆம்பள கொரலு கேக்குது. ஒரு பாட்டுல நடுவுல புல்லாங்குழல் வரும்... இப்ப அது வர்றதே இல்ல மேடம். போன்ல இருக்கறதுல வெட்டிட்டாங்க போல.”

“யாரும் வெட்டலண்ணா. குழல் அங்கயேதான் இருக்கு.”

மெல்லிய கீச்சு சத்தங்கள்தான் என் காதை விட்டுப் போயிருக்கின்றன. நான் வால்யூம் ஏற்ற ஏற்றத் தபேலாதான் இன்னும் இடித்ததே தவிர, குழல் வரவே இல்லை.

கஸ்தூரி இதை ஒரே வரியில் முடித்துவிட்டாள். “கொழம்புல புளி பத்தலன்னு உப்பக் கொட்டிக்கினு இருந்திருக்கிறாரு!”

மேடம் என் மிஷினில் பாட்டுக்கென்று தனியாக ஒரு செட்டிங் வைத்தார். போனிலும் எதையோ திறந்து, அந்தக் கீச்சுச் சத்தத்தை மட்டும் தூக்கினார். வால்யூமைப் பாதிக்கு இறக்கினார். ஹெட்போனைக் காதோடு அழுத்தினால் மிஷின் ‘கீ’ என்று கத்தும், லேசாக உட்கார வையுங்கள் என்று காட்டினார்.

அந்தப் புல்லாங்குழல் பாட்டு ஓடியது. முதல் சரணம் முடிந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

குழல் வந்தது.

கஸ்தூரி தன் பையிலிருந்து கர்ச்சீப்பை எடுத்து என் கையில் வைத்தாள்.

நேற்று மறுபடியும் அதே ஆட்டோ. சார்ஜ் சரியாக இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு மாட்டினேன். பாதி வால்யூம். வெளியே ஒரு சொட்டு சத்தம் கசியவில்லை. எனக்கு ஒரே பெருமை!

முனிரத்னம் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தார். என்ன என்று ஹெட்போனைத் தூக்கினேன்.

“ஏம் சாமி, இன்னிக்குப் பாட்டு இல்லியா?”

“அதானே... அண்ணா மட்டும் தனியா துன்றாரு,” என்றார் சுகுணாம்மா.

பொது இடத்தில் போனை அலறவிடுகிறவர்களை இதே பக்கத்தில் திட்டியவன்தான் நான். என்ன செய்ய? எல்லோரையும் ஒரு தடவை கேட்டுக்கொண்டு, ஹெட்போன் இணைப்பைத் துண்டித்து, அந்தக் குழல் பாட்டையே வெளியே விட்டேன். ஆட்டோ இரைச்சலில் எனக்குத் தபேலா மட்டும்தான் கேட்டது. ஆனால் குழல் எங்கே வந்தது என்று தெரிந்துவிட்டது. பூக்கூடையின் விளிம்பில் தாளம் போட்டுக்கொண்டிருந்த சுகுணாம்மாவின் விரல், அந்த இடத்தில் அப்படியே நின்றுவிட்டது.

செவிடன் காதில் சங்கு ஊதி என்ன பயன் என்கிறார்களே... தாராளமாக ஊதுங்கள் சார் — செட்டிங்கை மட்டும் கொஞ்சம் மாற்றிவிட்டு ஊதுங்கள்!