ஐசிப்படி மூத்தவர்

என் அப்பாவுக்கு ஒரே ஒரு தம்பி. அரசாங்கப் பதிவின்படி அந்தத் தம்பி அப்பாவைவிட இரண்டு வயது மூத்தவர்.

ஜப்பான்காரர்கள் வருவதற்குச் சற்று முன், செலண்டார் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் அப்பா பிறந்தார். இரண்டு வருடம் கழித்துச் சித்தப்பா. அவர்களுடைய அப்பாவைச் சயாமில் ரயில் பாதை போட லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், அவர் திரும்பவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியின் பிறப்புப் பதிவேடும் அந்த நாட்களில் எங்கேயோ போய்விட்டது. உடம்பு வளர வேண்டிய வயதில் அப்பாவுக்குக் கிடைத்தது மரவள்ளிக்கிழங்கு. சித்தப்பா அந்த வயதுக்கு வந்தபோது வெள்ளைக்காரர்கள் திரும்பி வந்து, தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பால் ஊற்ற ஆரம்பித்திருந்தார்கள். அப்பா குட்டை, சித்தப்பா நெட்டை. உலக யுத்தம் எங்கள் வீட்டில் விட்டுப்போன தடயம் அது.

அடுத்து அவசரகாலம் வந்தது. காட்டில் கம்யூனிஸ்டுகள், தோட்டத்துச் சனங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி. யார் எவர் என்று தெரிய வேண்டும் என்பதற்காக, பன்னிரண்டு வயது நிரம்பிய எல்லாருக்கும் ஐசி என்கிற அடையாள அட்டை கொடுத்தார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் மேசை போட்டு, படம் பிடிக்கும் பெட்டியையும் நிறுத்தியிருந்தார்கள். அப்பாவுக்குப் பதின்மூன்று வயது, வரிசையில் நின்றார். சித்தப்பாவுக்குப் பதினொன்று, பெட்டியை வேடிக்கை பார்க்க வந்தவர். இந்த நெட்டையன் ஏன் ஒளிந்து நிற்கிறான் என்று தோட்டத்துத் துரை கேட்டார். இழுத்து வரிசையில் விட்டார்கள். துரை இருவரையும் ஒரு முறை பார்த்துவிட்டு நெட்டைக்குப் பதினான்கு, குட்டைக்குப் பன்னிரண்டு என்று சொல்ல, ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி எழுதிக்கொண்டார். முதலில் பிறந்தது குட்டைதான் என்று அவர்களுடைய அம்மா சொல்லிப் பார்த்திருக்கிறார். துரை கண்ணுக்குத் தெரியாதது உனக்கு மட்டும் எப்படித் தெரியும் என்று கிராணி கேட்டாராம். பெற்றவளிடம் கேட்கக் கூடாத கேள்வி என்பது அந்த இடத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

அரசாங்க லோரி ஓட்டிய சித்தப்பா மூன்று வருடம் முன்னதாகவே ஓய்வு பெற்றார். பத்து பெரண்டாம் என்ற ஊரின் தொழிற்சாலையில் வேலை பார்த்த அப்பா ஒரு வருடம் கூடுதலாக உழைத்தார். கொரோனா சமயத்தில் வயதுவாரியாகத் தடுப்பூசி போட்டபோதும் சித்தப்பாவுக்கே முதலில் அழைப்பு வந்தது. போட்டுக்கொண்ட கையோடு அப்பாவுக்குப் போன் செய்தார். "வலிக்கல தம்பி, பயப்படாம போ" என்றார். அப்பா போனை வைத்துவிட்டுப் பேப்பரைப் புரட்டினார். இவை எதையும் அவர் பொருட்படுத்தியதில்லை. பரிவட்டம் வரும்வரை.

தோட்டம் எப்போதோ கைமாறி, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, சனங்கள் ஆயர் குரோவுக்கும் பத்து பெரண்டாமுக்கும் குடிபெயர்ந்துவிட்டார்கள். மாரியம்மன் கோயில் மட்டும் செம்பனைக்குள் இருக்கிறது. வருடத் திருவிழாவுக்குக் காரில் போவோம். தோட்டத்தில் பிறந்த ஆண்களில் யார் மூத்தவரோ அவர் தலையில் பூசாரி பரிவட்டம் கட்டுவார். அவர் தொட்ட பிறகுதான் தேர் நகரும். கட்டுமுன், கூட்டத்தில் தன்னைவிட மூத்தவர் யாராவது இருந்தால் அவர் காலில் விழுந்து எழ வேண்டும் என்பதும் வழக்கம். பரிவட்டமே மூத்தவருக்கு என்பதால் யாரும் விழுந்து நான் பார்த்ததில்லை.

அப்பாவுக்கு முன்னால் நான்கு பேர் இருந்தார்கள். பன்னிரண்டு வருடத்தில் நால்வரும் போய்ச் சேர்ந்தார்கள். நான்கு சாவுக்கும் அப்பா தவறாமல் போனார். நான்காவதுக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனார்.

அந்த வருடம் கோயில் செயலாளர் பதவிக்குத் தொழிற்சாலை எஞ்சினியர் ஒருவர் வந்தார், முப்பது வயதுக்காரர். மூத்தவரை ஐசி பார்த்துத்தான் தீர்மானிப்போம் என்று அறிவித்தார். நான் போய்ப் பேசினேன்.

"அண்ணே, ஆளாளுக்கு ஒரு வயசு சொல்றாங்க. நாங்கள்லாம் டவுன்ல பொறந்தவங்க, எங்களுக்கு எப்படித் தெரியும்? ஐசிதான் லா சேஃப்" என்றார்.

அவர் சொன்னதில் தவறு இல்லை. லயத்தில் இருந்த காலத்தில் யார் மூத்தவர் என்று யாரும் கேட்டதில்லை, எல்லாருக்கும் தெரியும். இப்போது கோயிலுக்கு வருபவர்களில் பாதிப் பேருக்கு மற்றப் பாதியைத் தெரியாது.

ஐசியில் வயதைத் திருத்துவது என்று அப்பா முடிவு செய்தார். அதற்கு ஒரு சத்தியப் பிரமாணம் வேண்டும். சாட்சி சொல்ல உயிரோடு இருப்பவர் சித்தப்பா ஒருவரே. அவர் தயங்கினார். ஐசி பொய் என்று நானே எழுதிக் கொடுத்தால், மூன்று வருட வேலை பாக்கி இருக்கிறது, வந்து லோரி ஓட்டு என்று கூப்பிடமாட்டார்களா என்பது அவர் கவலை. எண்பது தாண்டியவரைக் கூப்பிடமாட்டார்கள் என்று நான் உறுதி கொடுத்த பிறகே காரில் ஏறினார்.

ஆயர் குரோவில் ஒரு கடை மாடியில் சத்தியப் பிரமாணத்துக்கு முத்திரை வைக்கும் அம்மையார் இருந்தார். யாழ்ப்பாண வழிக் குடும்பம், நீதிமன்றத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு ஐசிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிதானமாகப் படித்தார்.

"உங்கட அண்ணர் பிறந்ததை நீங்கள் கண்டனீங்களோ?" என்று சித்தப்பாவைக் கேட்டார்.

"நான் கண்டிருந்தா நான்தானேம்மா அண்ணன்?"

அம்மையார் சிரிக்கவில்லை. "ஐசியின்படி அப்ப உங்களுக்கு ரெண்டு வயசு. ஆனபடியா நீங்கள் சாட்சி சொல்லலாம். ஆனா நீங்கள் சொல்லப்போறது உண்மையெண்டால், அந்த நேரம் நீங்கள் பிறக்கவே இல்லை. பிறக்காத ஆளின்ர சாட்சிக்கு நான் முத்திரை குத்தேலாது."

நான் பத்திரிகையில் முப்பது வருடம் வேலை பார்த்தவன். அந்த வாதத்தில் ஓட்டை தேடினேன், கிடைக்கவில்லை. வேறு ஆவணம் கொண்டுவாருங்கள் என்றார். இருந்த ஒரே பிறப்புப் பதிவேட்டைக் கொண்டுபோனவர்கள் ஜப்பான்காரர்களா, கரையான்களா என்பதே எங்களுக்குத் தெரியாது.

திரும்பி வரும்போது சித்தப்பா பின்சீட்டிலிருந்து ஆறுதல் சொன்னார். "விடுண்ணே. நான் கட்டிக்கிட்டு ஒரு போட்டோ எடுத்து உனக்கு அனுப்புறேன்."

அப்பா கார் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்.

திருவிழா அன்று அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். விடியுமுன் குளித்து, வேட்டி கட்டி, காருக்குப் பக்கத்தில் நின்றார். கோயிலில் கூட்டத்தின் கடைசி வரிசையில் போய் நின்றுகொண்டார். அவர் உயரத்துக்கு அங்கிருந்து முதுகுகளைத் தவிர எதுவும் தெரிந்திருக்காது.

செயலாளர் ஒலிபெருக்கியில் சித்தப்பாவை அழைத்தார். சித்தப்பா எழுந்து போனார். பூசாரி துணியை விரித்தார். சித்தப்பா தலையைக் குனியாமல், திரும்பிக் கூட்டத்துக்குள் நடந்தார். வழிவிட்டார்கள். கடைசி வரிசைவரை வந்து, அந்த நீள உடம்பை மூன்று தவணையாக மடக்கி, அப்பாவின் காலில் விழுந்தார்.

அப்பா ஆசீர்வதிக்க வேண்டும். அப்போதுதான் விழுந்தவர் எழலாம். அப்பா அவசரப்படவில்லை. பன்னிரண்டு வருடம் காத்திருந்தவர். சித்தப்பாவின் முதுகை, அதன் முழு நீளத்தையும், நிதானமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, முட்டி வலிக்குது, கைய வையி" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

அப்பா கை வைத்தார். "நல்லா இரு. இனிமே போன்ல தம்பின்னு கூப்பிடாத."

சித்தப்பாவைத் தூக்கி நிறுத்த இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். அதற்குள் பூசாரி அப்பாவிடம் வந்துவிட்டார். ஒருவர் காலில் விழுந்தவர் அவரைவிட மூத்தவராக இருக்க முடியாது. பூசாரிக்கு ஐசி தேவைப்படவில்லை. துணி அப்பாவின் சின்னத் தலையில் நிற்காமல் கண்ணை மறைத்தது. தேரை அவர் தொட்டது தடவிப் பார்த்துத்தான்.

சாப்பாட்டுப் பந்தியில் செயலாளர் நோட்டுப் புத்தகத்தோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தீர்மானம் ஒன்று, நடந்தது வேறு. கூட்டக் குறிப்பில் எப்படி எழுதுவது என்று கேட்டார். நடந்ததை அப்படியே எழுதச் சொன்னேன். அவர் யோசித்து எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்.

"ஐசிப்படி மூத்தவர், ஐசிப்படி இளையவரின் காலில் விழுந்தார். இளையவருக்குப் பரிவட்டம் கட்டப்பட்டது. ஆட்சேபணை இல்லை."

ஒரு சொல்லைக்கூட நான் திருத்தவில்லை.