பேச்சுவார்த்தைக்குப் போகாத வேலாயுதம்

திருவையாற்றுப் பேருந்தில் நடத்துநர்தான் எனக்குச் சொன்னார். "உங்க ஊரு வேலாயுதம் போயிட்டாருங்க டீச்சர். நாத்தங்கால்ல நின்னுக்கிட்டு இருந்தவரு அப்படியே சாஞ்சுட்டாராம்." சொல்லிவிட்டுச் சீட்டைக் கிழித்துக் கொடுத்து அடுத்த ஆளிடம் போய்விட்டார். தெரிந்த முகம் ஒன்றும் இல்லாத வண்டியில், ஊர் வரும்வரை அந்தச் செய்தியோடு தனியாக உட்கார்ந்திருந்தேன்.

இதைப் படிக்கிற விவசாயத் தொழிலாளர் சங்கத்தாருக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஒலிபெருக்கி பழுதானாலும் கூட்டம் நிற்காது, வேலாயுதம் இருக்கிறார் என்பீர்கள். நில உச்சவரம்புச் சட்டத்தை அவர் விளக்கினால் கடைசி வரிசையில் பிள்ளைக்குச் சோறூட்டிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கும் புரியும். நான் அவரை வேறு விதமாக அறிந்தவள். இந்த ஊர்ப் பள்ளிக்கு மாற்றலாகி வந்தபோது எனக்குக் கிடைத்த வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே ஒரு கீற்றுத் தட்டிதான் இருந்தது.

அவர் மனைவி செல்வி அக்கா தலைப்பிரசவத்துக்கு வேதாரண்யம் பக்கம் தாய்வீடு போயிருந்தார். பெண் குழந்தை பிறந்தது. அதை அக்கா தூக்கவில்லை. தூங்கவில்லை, யாரிடமும் பேசவும் இல்லை. பேய் பிடித்திருக்கிறது என்று அங்கே பேயோட்டும் கோடங்கிக்குச் சொல்லியனுப்பினார்கள். அதைக் கேள்விப்பட்ட வேலாயுதம் உடனே போய் இருவரையும் அழைத்து வந்துவிட்டார். மூன்று மாதம் முடியுமுன் மாப்பிள்ளை கூட்டிப் போவதா என்று அங்கே பெரிய சண்டை. "பேயி இருந்தா எங்கிட்டப் பேசட்டும், நாந்தான் பேச்சாளனாச்சேன்னு சொல்லிட்டு வந்துட்டேன் டீச்சர்" என்றார். சிரிக்கத்தான் சொன்னார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

சத்தம் கேட்டால் செல்வி அக்கா நடுங்கிப்போவார். அதனால் அந்தப் பெரிய குரல் வீட்டுக்குள் அடங்கிவிட்டது. கைக்குழந்தைக்காரி ஒருத்தி தெருவிலிருந்து வந்து பால் கொடுத்தாள். மற்றதெல்லாம் வேலாயுதம்தான். ஒரு மாலை, "நான் இல்லேன்னா இது நல்லா வளரும்" என்று செல்வி அக்கா சொன்னது எனக்கே கேட்டது. வேலாயுதம் அதட்டவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அக்காவைத் தனியே விடுவதை நிறுத்தினார். அவர் வயலுக்குப் போக வேண்டியிருந்தால் பள்ளி விட்டதும் நான் போய் உட்காருவேன். என்ன பேசட்டும் என்று கேட்டேன்.

"ஒண்ணும் பேச வேணாம். நீங்க பாட்டுக்குப் படிங்க. பக்கத்துல ஒரு ஆளு இருக்குன்னு அவளுக்குத் தெரிஞ்சாப் போதும்."

நிறையப் படிக்கிறவள் என்று ஊரில் எனக்குப் பேர். படித்த எதிலும் இது இல்லை.

தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர், இது பிரசவத்துக்குப் பின் சிலருக்கு வருகிற நோய், குணமாகும் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். மறுபடி வரச் சொன்ன நாளில்தான் தாசில்தார் அலுவலகத்தில் சம்பா அறுவடைக் கூலிக்கான பேச்சுவார்த்தையும் வந்தது. பண்ணைக்காரர்கள் வெளியூர் ஆட்களை இறக்கியிருந்தார்கள். களத்துமேட்டில் போலீஸ் நின்றது. காலையில் சங்கத்தார் வாசலுக்கு வந்து கூப்பிட்டார்கள். தனக்கு வேறு வேலை இருக்கிறது என்றார் வேலாயுதம்.

"அறுப்பு நேரத்துல அப்படி என்னய்யா வேலை? பண்ணையில சொல்லிவிட்டாங்களா?"

"வேலை இருக்கு. போயிட்டு வாங்க."

"தொண்டைய நல்ல வெலைக்குத்தான் வித்திருக்க" என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். குழந்தையை வைத்துக்கொள்ள நானும் தஞ்சாவூருக்குப் போனேன். செல்வி அக்கா உள்ளே இருந்தபோது, உண்மையைச் சங்கத்தாரிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"சொன்னா பைத்தியம்னு பேரு வச்சிருவாங்க டீச்சர். அவ நாளைக்கு எந்திரிச்சு அந்தத் தெருவுலதான் நடக்கணும். என்னை என்ன வேணாச் சொல்லிக்கட்டும்."

அக்காவுக்குத் தெளிவு மெல்லத்தான் வந்தது. ஒரு நாள் குழந்தையைக் குளிப்பாட்டத் திணறிக்கொண்டிருந்த கணவரிடம், சுவரோரம் இருந்த அக்கா, "தலையத் தாங்குங்க, கொடிக்கம்பா புடிக்கிறீங்க?" என்றார். நான் சிரித்துவிட்டேன். வேலாயுதம் ஈரக் குழந்தையோடு திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியதைத்தான் பார்த்தேன்.

கூலி கொஞ்சம் கூடியது. ஆனால் அதற்குப்பின் இரண்டு அறுவடைக்கு எந்தக் கூட்டத்திலும் அவரைப் பேசக் கூப்பிடவில்லை. கூட்டத்தின் கடைசியில், செருப்புகள் கிடக்கும் இடத்தில் உட்கார்ந்து, மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு வருவார். போகாமல் இருந்துவிடலாமே என்றதற்கு, "சங்கம் என்னோடதுங்க, கோவிச்சுக்க முடியுமா" என்றார். பிறகு மேடை திரும்பக் கிடைத்தது. விலைபோனவர் என்ற பழைய பேச்சு மட்டும் ஓயவில்லை.

போன வாரம் இரங்கல் கூட்டத்திலும் அது வந்தது. ஒரு அறுவடையில் அவர் சறுக்கினாலும் நல்ல தொண்டர் என்று பேசியவர் பெருந்தன்மையாகத்தான் சொன்னார். முன்வரிசையில், அன்று கைக்குழந்தையாக இருந்த மகள் தமிழரசியோடு இருந்த செல்வி அக்கா தலை நிமிரவில்லை. மறுநாள் என் வாசலுக்கு வந்தார்.

"சங்கத்துல அவரு நினைவா மலர் புத்தகம் போடுறாங்களாம். நீங்க எழுதுங்க டீச்சர். அவரு யாருகிட்டயும் காசு வாங்கல, எனக்கு மனசு முடியாமக் கெடந்துச்சு, என்னைப் பார்த்துக்கிட்டாருன்னு எழுதுங்க."

ஊர் பேசுமே என்றேன்.

"பேசட்டும். எனக்காக அவரு பொத்தி வச்சது போதும். இப்ப அவருக்காக நான் சொல்லக் கூடாதா?"

ஆகவே எழுதிவிட்டேன். அன்று அவர் வாசலில் நின்றவர்களில் பலர் இதைப் படிப்பீர்கள்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு கேள்வி. பண்டிகைக்கும் ஊருக்குப் போகாமல் நான் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கும் நாட்களில், "டீச்சர், இருக்கீங்களா?" என்று தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பார். இருக்கிறேன் என்றால் போதும், காரணம் கேட்கமாட்டார். இப்போது காலையில் நான் கேட்கிறேன், "அக்கா, இருக்கீங்களா?" சில நாள் உடனே பதில் வருகிறது. சில நாள் தாமதமாகிறது. வரும்வரை அங்கேயே நிற்கிறேன்.