வளைவில் கிடைத்த வழி

எங்கள் தோட்டத்து லொறி டிரைவர் அண்ணனிடம் நாலு வார்த்தை பேசினால் போதும், ஸ்டியரிங்கைத் தொட்டே பார்க்காத என்னைப் போன்ற ஆளுக்கும் ஒரு வண்டியை எப்படி முந்துவது என்று தெரிந்துவிடும். முன்னால் போகிறவன் முதுகில் ஒட்டிக்கொண்டு போகாதே. ஹோர்னை அடித்துவிட்டுக் காத்திரு. அவன் கை காட்டினால்தான் வலது பக்கம் எடு. வளைவில் மட்டும் யார் சொன்னாலும் எடுக்காதே. எல்லா டிரைவரும் சொல்வதுதான். ஆனால் அவர் வாயால் கேட்பதே தனி. "அவசரத்துல இருக்கவன் கண்ணுக்கு ரோடு அகலமாத்தான் தெரியும் தம்பி. எறங்கி நின்னு பாரு, ரெண்டு மாடு ஒதுங்க எடம் இருக்காது" என்பார். லொறியில் தேயிலைப் பெட்டி ஏற்றிக்கொண்டே நாங்கள் கேட்டுச் சிரிப்போம்.

அவர் வாய்விட்டுச் சொல்லாத இன்னொன்றும் இருந்தது. தோட்டத்தை ஆளும் வெள்ளைக்காரப் பெரிய தொரையின் கார் முன்னால் போனால் தோட்டத்து லொறி அதை முந்தாது. யாரும் போட்ட சட்டமில்லை. அந்தக் காரைக் கண்டால் கணக்கப்பிள்ளையே சைக்கிளை விட்டு இறங்கி நிற்பார். நாங்கள் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு ரோட்டோரத் தண்ணிக் கானுக்குள் ஒதுங்குவோம். அப்படியிருக்க லொறி எப்படி முந்தும்? பின்னால் நின்று ஹோர்ன் அடித்த ஒரு டிரைவரைப் பத்துச்சீட்டுக் கொடுத்து வேலையை விட்டே அனுப்பினார்களாம். பத்துச்சீட்டு என்றால் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போய்விட்டது என்று அர்த்தம். டிரைவர் அண்ணனுக்கோ வீடு நிறையப் பிள்ளைகள்.

என் மனைவிக்குத் தலைப்பிரசவம். காலையில் எடுத்த வலி மத்தியானமாகியும் முடியவில்லை. தோட்டத்து மருத்துவச்சியம்மா வெளியே வந்து, "என் கையில இல்லப்பா, பெரியாசுபத்திரிக்குக் கொண்டு போயிரணும்" என்றார். லொறியில் சாக்குகளை விரித்து அவளைப் படுக்க வைத்தோம். ஆம்பிளை பின்னால் ஏறக் கூடாது என்று மருத்துவச்சியம்மா என்னை முன்சீட்டுக்கு விரட்டினார். மனைவியும் மருத்துவச்சியும் முன்சீட்டுக்குப் பின்னால் அடித்திருந்த தடுப்புப் பலகைக்கு அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கம்.

நல்லதண்ணி ரோட்டில் ஏறியதுமே முன்னால் அந்தக் கறுப்புக் கார். சனிக்கிழமை, தொரை கிளப்புக்குப் போகிறார். மலைகளைப் பார்த்துக்கொண்டு நடு ரோட்டில் மெல்லப் போனார். டிரைவர் அண்ணன் வேகத்தைக் குறைத்தார்.

பலகையை யாரோ ஓங்கித் தட்டினார்கள். "என்னய்யா, மாட்டு வண்டியா ஓட்டுறீங்க? புள்ள சோந்து போகுது!" மருத்துவச்சியின் குரல். என் மனைவியின் குரல் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அண்ணே..." என்றேன். அதற்கு மேல் என்ன கேட்பது? உன் வேலையை எனக்குக் கொடு என்றா?

அவர் என்னைப் பார்க்கவில்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டு ஹோர்னை ஒருமுறை அழுத்தினார். இன்னொருமுறையும் அழுத்தினார். காருக்குள் தொரையின் தலை திரும்பியது. கொஞ்ச நேரம் கழித்து கார் இடது பக்கம் ஒதுங்கி, வெள்ளைக் கை ஒன்று வெளியே வந்து 'போ' என்று அசைந்தது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "கை காட்டிட்டாருண்ணே! போங்க!"

லொறி போகவில்லை. அது வளைவு. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். அந்தப் பக்கம் எது வருகிறதென்று தெரியாது. சிவனொளிபாதமலைக்கு யாத்திரை போகும் சீசன் வேறு. முகப்பில் கமுகம்பூ கட்டிய பஸ்கள், இந்த ரோட்டையே அறியாத டிரைவர்களோடு வரும்.

"தொரையே சொல்றாருண்ணே!"

"அவரு வழி குடுக்குறாரு. அந்தாண்ட வர்றவனுக்கும் சேத்தா சொல்றாரு? பின்னாடி ரெண்டு உசுரு படுத்திருக்குடா."

கை மறுபடி அசைந்தது, இம்முறை வெடுக்கென்று. பிறகு உள்ளே போய்விட்டது. கார் நடு ரோட்டுக்குத் திரும்பியது.

வளைவு தாண்டினோம். எதிரே ஒரு பஸ் இல்லை, ஒரு கட்டை வண்டிகூட இல்லை. நேராக, காலியாகக் கிடந்தது ரோடு. டிரைவர் அண்ணன் விடாமல் ஹோர்ன் அடித்தார். பத்துச்சீட்டை எல்லாம் மறந்துவிட்டார். கார் அசையவில்லை. ஹோர்ன் அடித்துக் கூப்பிட்டுவிட்டு, வழி கொடுத்தும் வராத லொறியைத் தொரை என்னவென்று நினைத்தாரோ, அதற்குப் பிறகு ஒதுங்கவே இல்லை. முந்த இடமும் இல்லை. "நா எறங்கி ஓடிப் போயி சொல்றேண்ணே" என்று கதவைத் திறந்தேன். "ஓடுற காரை எங்கடா புடிப்ப?" என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

கிளப்புக்குத் திரும்பும் இடத்தில்தான் கார் விலகியது. டிரைவர் அண்ணன் லொறியை முடுக்கினார். கொஞ்ச தூரம் போவதற்குள் பலகையில் மறுபடி தட்டல். "நிறுத்துங்க, நிறுத்துங்க!"

நின்றோம். நான் கானோரம் போய் நின்றேன். லொறிக்குள் பிள்ளையின் முதுகில் தட்டும் சத்தம் கேட்டது. மருத்துவச்சி யாரையோ கெஞ்சுவது போல, "அழு ராசா, அழு சாமி" என்றார். வேறு குரல் எதுவும் வரவில்லை.

என் மனைவியை ஆசுபத்திரியில் காப்பாற்றிவிட்டார்கள். இரத்தம் நின்றுவிட்டது, பயமில்லை என்று நர்சம்மா வந்து சொன்னபோது நானும் டிரைவர் அண்ணனும் விறாந்தையில் போட்டிருந்த மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம். அழாமலே போன பிள்ளை, துணி சுற்றி என் மடியில் இருந்தது. ஆண் பிள்ளை. நான் அவரைக் குறை சொல்லவில்லை. அவர் செய்தது சரி என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

வெகுநேரம் கழித்து அவர் துணியை விலக்கி அந்த முகத்தைப் பார்த்தார்.

"அந்த வளைவுல ஒரு பஸ்ஸாச்சும் வந்திருக்கக் கூடாதாடா தம்பி" என்றார்.