அப்பாவின் வாட்ச்சும் மச்சானின் மரியாதையும்

என் மச்சானை, அதாவது அக்காவின் கணவரை, எனக்குப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருப்பரங்குன்றத்தில் அவர்கள் கல்யாணம் நடந்தபோது, மாப்பிள்ளைக்குப் போட வேண்டிய புது வாட்ச்சைச் சித்தப்பா பஸ்ஸிலேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு வந்து நின்றார். மோதிரம் போட்டாயிற்று, வாட்ச் எங்கே என்று கேட்டு மாப்பிள்ளை முறுக்கிக்கொண்டார், மணவறைக்கு வரமாட்டேன் என்றார். அந்த மூஞ்சிக்கு அவ்வளவு முறுக்கு! அப்பா உடனே தன் கையிலிருந்த வாட்ச்சைக் கழற்றி அவர் கையில் கட்டிவிட்டார். அதற்குப் பிறகு சாகும்வரை அப்பா வேறு வாட்ச் கட்டவில்லை.

சாவி கொடுக்கும் வாட்ச் அது. தன்னிடம் இருந்தவரை தினமும் குளித்துவிட்டு வந்து அப்பா அதற்குச் சாவி கொடுப்பார். கொடுத்து முடித்ததும் என்னை இழுத்து என் காதில் வைப்பார். எலி எதையோ அவசரமாகக் கொறிப்பதுபோல் இருக்கும். அந்தச் சத்தத்துக்காகத்தான் நான் பழைய வாட்ச் வாங்க ஆரம்பித்தேன். இன்று ஒரு பெட்டி நிறைய இருக்கிறது. காலையில் எல்லாவற்றுக்கும் சாவி கொடுத்துவிட்டு, இன்றைக்கு எதைக் கட்டுவது என்று பெட்டிக்கு முன்னால் நிற்கும் சுகம் சொன்னால் உங்களுக்குப் புரியாது. புரியாவிட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான். ஆனால் எந்த வாட்ச்சைக் காதில் வைத்தாலும் அது அப்பாவுடையது இல்லை என்று காது சொல்லிவிடும்.

அப்பா இறந்த அன்று, அவரைக் கிடத்தியிருந்த இடத்தில் தலைமாட்டில் நின்றுகொண்டு மச்சான் அதே வாட்ச்சைப் பார்த்தார். "எடுக்க இன்னும் எம்புட்டு நேரமாகும்?" என்று கேட்டார். எட்டிப் பார்த்தேன். வாட்ச் ஓடவே இல்லை. சாவி கொடுக்கக்கூட அவருக்குச் சோம்பல்.

அதன்பின் பொங்கலுக்கு வாடிப்பட்டிக்கு அவர்கள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் வெட்கத்தை விட்டு அந்த வாட்ச்சைக் கேட்டேன். "என்ன மாப்ள, வீடு பூரா வாட்ச்சா வச்சிருக்க, இந்த ஓட்ட வாட்ச்சுக்கு ஏன் அலையுற? மாமனார் போட்டது. திருப்பிக் குடுத்தா எனக்குல்ல அசிங்கம்" என்பார். ஒருமுறை பதிலுக்கு என்னிடமிருந்ததிலேயே அழகானதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதையும் வாங்கிக் கட்டிக்கொண்டார். அப்பாவுடையதைக் கொடுக்கவில்லை. அவருக்குக் கை வலிக்க வேண்டும் என்று நான் வேண்டாத கோயில் இல்லை.

போன தையில் அக்கா மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் சீர்த் தட்டுகளோடு மேளம் முன்னால் வர வாடிப்பட்டி மண்டபத்துக்குள் நுழைந்தேன். தாலி கட்டி முடிந்ததும் மச்சான் மைக்கைப் பிடித்து என்னை மேடைக்குக் கூப்பிட்டார். சட்டைப் பையிலிருந்து அப்பாவின் வாட்ச்சை எடுத்து, சொந்தபந்தம் எல்லாம் பார்க்க என் கையில் கட்டினார். "தாய்மாமனுக்கு என் மரியாதை" என்றார். புதுக் கண்ணாடி, புது ஸ்ட்ராப். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், அந்த ஆளை மன்னித்தும்விட்டேன்.

பிறகு செகண்ட் முள்ளைப் பார்த்தேன். சாவி வாட்ச்சில் அது வழுக்கிக்கொண்டு போகும். இது ஒவ்வொரு கோடாகத் தாவி நின்று, தாவி நின்று போனது. பேட்டரி மெஷின். வெளியே அப்பாவின் வாட்ச், உள்ளே வேறு எதுவோ.

"பழைய மெஷின் எங்க மச்சான்?"

"அந்தத் துருப்பிடிச்சதா? அவனியாபுரத்துக் கடைக்காரர்ட்டயே விட்டுட்டேன். குப்பையில போட்டுட்டதாச் சொன்னாரு. இப்பப் பாரு, சும்மா ஜம்முனு ஓடுது."

இத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த வசவெல்லாம் தொண்டைக்கு வந்துவிட்டது. மைக் வேறு பக்கத்திலேயே இருந்தது. வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் அக்கா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

"நாந்தான்டா தம்பி மெஷின மாத்தச் சொன்னேன். இவருகிட்ட எம்புட்டுச் சண்ட போட்டு வாங்குனேன் தெரியுமா? நீயும் விடிஞ்சா எந்திரிச்சு அம்புட்டு வாட்ச்சுக்கும் சாவி குடுத்துக்கிட்டுக் கெடக்க. அப்பா வாட்ச்சாவது ஒனக்குச் செரமம் குடுக்காம தானா ஓடட்டும்னுதான்."

திறந்த வாயை மூடிக்கொண்டேன். சந்தோஷத்தில் வாயடைத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டாள். அப்பா செய்வதுபோலவே என் மணிக்கட்டைத் தூக்கி என் காதோடு சேர்த்து வைத்தாள். சரியாக மூடாத குழாய் சொட்டுவதுபோல் விட்டு விட்டு ஒரு சத்தம்.

"அப்பா வாட்ச் சத்தம் கேக்குதாடா?"

"கேக்குதுக்கா" என்றேன்.