சிலுவையைச் சுற்றித் துடைப்பவள்

ஜெசிந்தா சோலார் பேனல் துடைப்பதைப் பார்த்தால், தூக்கம் கலையாத குழந்தைக்கு முகம் கழுவிவிடுகிறாள் என்றுதான் தோன்றும். வெயில் ஏறுமுன், புருஷன் சேரனின் பழைய வேட்டியை நனைத்துப் பிழிந்துகொண்டு, வெளிப்படி வழியாக மாடிக்குப் போவாள். மேல் விளிம்பில் தொடங்கி ஒரே இழுப்பாகக் கீழே வருவாள். அழுக்கு உள்ளே போகும்படி துணியை மடித்துவிட்டு அடுத்த இழுப்பு. காக்கை எச்சம் காய்ந்திருந்தால் சுரண்ட மாட்டாள். ஈரத்துணியை அதன்மேல் போட்டு, ஊறட்டும் என்று காத்திருப்பாள்.

பழைய பேனல்கள் இரண்டுக்கும் இந்த உபசாரம். புதிதாகப் போட்ட நான்கிடம் வந்தால் கை தயங்கும். வேளாங்கண்ணியிலிருந்து கொண்டுவந்த எண்ணெயால் ஒவ்வொன்றிலும் அவளே சிலுவை போட்டிருந்தாள். மேலிருந்து கீழ்வரை, குறுக்கேயும் விளிம்புவரை, தாராளமாக. கோலத்தை மிதிக்காமல் வாசலைத் தாண்டுகிறவள்போல, சிலுவையைச் சுற்றித் துடைத்துவிட்டு இறங்கிவிடுவாள்.

திண்டிவனத்துக்கு வெளியே, மல்லாட்டை என்கிற நிலக்கடலைக் கொல்லைகளை ஒட்டிய மனைப்பிரிவில் அவள் வீடு. தொழில், முட்டை பொரித்துக் கொடுப்பது. அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து நாட்டுக்கோழி முட்டைகளைத் தவிட்டில் புதைத்துக் கூடையில் கொண்டுவருவார்கள். யாருடைய முட்டை என்று தெரிய, ஓட்டின்மேல் கரியால் பெயரின் முதலெழுத்தைப் போட்டு, சூடு மாறாத பெட்டிகளில் அடுக்குவாள். குஞ்சு இறங்கினதும் அவரவர் எழுத்துக்கு அவரவர் குஞ்சு.

புயலடித்த கார்த்திகையில் கம்பங்கள் சாய்ந்து, நாள்கணக்கில் கரண்டு இல்லை. வீட்டு விளக்குக்கும் ஃபேனுக்கும் என்று வைத்திருந்த பழைய பேட்டரியால் முட்டைப் பெட்டிகளைத் தாங்க முடியவில்லை. அத்தனை முட்டையும் குளிர்ந்து போயின. பக்கத்து வீட்டு வெள்ளையம்மாளின் முட்டைகளும் அதில் இருந்தன. அவை பெருவெடை என்னும் பெரிய ஜாதி நாட்டுக்கோழி ஒன்று இட்டவை; அந்தத் தாய்க்கோழியும் அதே புயலில் செத்துவிட்டது; அதன் முந்தைய ஈட்டுப் பெட்டைகள்தான் மிச்சம். மற்றவர்கள் சத்தம் போட்டார்கள், பிறகு ஆறினார்கள். வெள்ளையம்மாள் ஒரு வார்த்தை பேசவில்லை. கூடையை வாங்கிக் கவிழ்த்துத் தவிட்டைத் தட்டிக்கொண்டு போனவள், அதற்கப்புறம் மதில் பக்கம்கூடத் திரும்பவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று ஜெசிந்தாவுக்கு இருந்தது.

சேரனிடம் அவள் அப்போதே சொல்லிவிட்டாள். "இன்னொரு தபா முட்ட செத்துச்சின்னா பொட்டிய வித்துடுவேன். அடுத்தவங்க கோழி பாவம் நமக்கு வாணாம்."

அந்த பயத்தில்தான் மாடியில் பேனல்கள் கூடின. பழைய பேட்டரி போய் பெரிய லித்தியம் பேட்டரி வந்தது. பொருத்த வந்த தமிழ்மணி, பகல் முழுக்கப் பெட்டிகள் ஓடினாலும் சாயங்காலம் பேட்டரி நிறைந்து நிற்கும் என்று சொல்லிவிட்டுப் போனான். முதல் சில நாள் நின்றது. கொல்லைகளில் மல்லாட்டை அடிக்கும் மிஷின் இறங்கியதும் குறைய ஆரம்பித்தது. பிறகு பாதிகூட நிற்கவில்லை. போனில் கேட்டதற்கு, பேனல்மேல் மர நிழல் விழுகிறதா, குறுக்கே ஒரு கோடு மறைத்தாலும் மொத்த பேனலும் படுத்துவிடும் என்றான். மரமே இல்லை என்றாள். தூசி? தினமும் துடைக்கிறேனே என்றாள். பொய் இல்லை. காணை கிராமத்தில் ஒரு வேலை இருக்கிறது, முடித்துவிட்டு வருகிறேன் என்றான். புதுச் சரக்கே மட்டமோ என்று அவளுக்குச் சந்தேகம். எண்ணெயில் மல்லாட்டைத் தூசி படிந்து, சிலுவைகள் கட்டைவிரல் அகலத்துக்குக் கறுத்திருந்தன. தினம் பார்க்கிற கண்ணுக்கு அது பக்தியாகத்தான் பட்டது.

சேரனுக்குக் கண் ஆபரேஷன் ஆனதைக் காட்ட விழுப்புரம் போக வேண்டிய நாளில், மாதாந்திரக் கரண்டு நிறுத்தமும் வந்து சேர்ந்தது. பெட்டி நிறைய முட்டை. பெரும்பகுதி, புதிதாக வர ஆரம்பித்திருந்த பானுப்ரியாவுடையது. நல்ல வெயிலாச்சே, ஓடிவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு பஸ் ஏறினாள். ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்திருந்தபோதும் காதில் பேட்டரி எச்சரிக்கை கூவுகிற மாதிரியே இருந்தது. திரும்பும் பஸ்ஸில் சேரன் ஏதேதோ பேச்சுக் கொடுத்தான். அவள் ஜன்னலுக்கு வெளியே, ஒவ்வொரு ஊரிலும் டீக்கடையில் ஃபேன் சுற்றுகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தாள்.

தெரு முனையில் கரண்டு இல்லை. வீட்டைத் திறந்து ஓடினாள். பெட்டிகளில் விளக்கு எரிந்தது. சூடு சரியாக இருந்தது. பேட்டரி முக்கால்வாசிக்கு ஏறியிருந்தது. மாடியிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம்.

மேலே போனால், வெள்ளையம்மாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டாம் தரம் கழுவிய கடைசி பேனலைத் துணியால் ஒற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வெந்நீர்க் குண்டான். கிண்ணத்தில் கரைத்த சீயக்காய். ஆறு கண்ணாடியிலும் வானம் தெரிந்தது. சிலுவை ஒன்றுகூட இல்லை.

"இன்னாடி ஜெசி பாக்கற? ஒங்கூட்டு மிஷின் காலீலருந்து கூவிக்கினு கீது. மனுசி தூங்கறதா வாணாமா?"

"யக்கா, அது மாதா எண்ணெ."

"இருக்கட்டுமே. எண்ண தேச்ச தலைய அப்பிடியேவா வுட்டுடுவாங்க? வெந்நி ஊத்தி, சீக்கா போட்டுத்தான ஆவணும்? ஒங்க மாதா ஒண்ணியும் கோச்சிக்க மாட்டா. அவளும் தல முழுவறவதான்."

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது. குண்டானைத் தூக்க ஒரு கை கொடுத்தாள். இருவரும் படியிறங்கினார்கள். மறுநாள் விடியலில் ஜெசிந்தா வேட்டித் துணியை விளிம்பிலிருந்து விளிம்புவரை தயங்காமல் இழுத்தாள். எண்ணெய் பாட்டில் உள்ளே, பேட்டரிக்கு மேலிருந்த அலமாரிக்குப் போனது.

குஞ்சுகள் இறங்கின. 'பா' போட்ட ஓடுகளிலிருந்து மட்டும், நீண்ட காலும் தடித்த கழுத்துமாகப் பெருவெடை ஜாதிக் குஞ்சுகள். பானுப்ரியா கூடை கொண்டுவந்து வாங்கிப் போனாள்.

சித்திரையில் ஒருநாள் வழியில் பார்த்து, குஞ்சுகள் எப்படி இருக்கின்றன என்று ஜெசிந்தா கேட்டபோதுதான் பானுப்ரியா வாய்விட்டுச் சொன்னாள். அவள் வீட்டில் கோழியே கிடையாது. தை மாசத்திலிருந்தே, தன் பெயரைச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, அந்த முட்டைகளைக் கொடுத்தனுப்பி வந்தவள் வெள்ளையம்மாள்.